சிவப்பு மூடி

கிக்கரை ஒரு கையால் மெல்ல அழுத்திக்கொண்டு, மறு கையை அவன் வண்டிக்கு அடியில் விட்டிருந்தபோது வாசல் பக்கம் பேச்சு எழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வேன் கிளம்பிவிட்டதாம். அரை மணி நேரத்தில் அவன் தங்கச்சியின் மாப்பிள்ளையைக் கொண்டுவந்துவிடுவார்களாம்.

அரை மணி நேரம். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

காலையிலிருந்து அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான், குடித்து முடித்தவருக்கே மறுபடியும் நீட்டினான். கடைசியில் வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த சந்துக்குள் போய்விட்டான். அங்கேதான் வண்டி நின்றது. நேற்று விழுந்த இடத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளிக்கொண்டு வந்து விட்டிருந்தார்கள். ஹேண்டில் கோணியிருந்தது. ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. மற்றபடி, சாவியைப் போட்டால் கிளம்பிவிடும்போல் இருந்தது.

"வளைவுல பின்சக்கரம் வழுக்கிக்கிட்டுப் போச்சாம். ரோட்டுல மண்ணும் இல்ல, தண்ணியும் இல்ல" என்று பெரியவர், அதாவது மாப்பிள்ளையின் அண்ணன், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தவர் பெட்டிக்கடைக்காரர். சொல்லி முடித்ததும் பெரியவர் ஒருமுறை அவன் பக்கம் திரும்பிப் பார்ப்பார். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த வண்டியைத் தொட்ட ஒரே மெக்கானிக் அவன்.

பின் டயரின் இடது ஓரம் பளபளத்தது. தொட்டு மோந்து பார்த்தான். எஞ்சின் ஆயில்தான். எஞ்சினிலிருந்து செயின் பல்சக்கரம் வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் உண்டு. அங்கே கசிந்து, செயினில் ஏறி, டயருக்கு வந்திருக்கிறது. ஒரு மாதத்தில் அந்த சீலை அவன் இரண்டு தடவை மாற்றியிருந்தான். வியாழக்கிழமை மாப்பிள்ளை போன் பண்ணியபோதும் அதே கதைதான்.

"மச்சான், நீங்க மாட்டுற சீலுக்கெல்லாம் என் மேல என்ன கோபமோ, துப்பிக்கிட்டே இருக்கு."

கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடி விற்கிற மனிதர். எதையும் சிரிப்பாகத்தான் சொல்லுவார். இவனும் சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரச் சொன்னான். வெள்ளிக்கிழமை அவர் போய்விட்டார்.

புது சீல் இரண்டு தடவையும் ஏன் தோற்றது? ஊரார் வண்டியாக இருந்தால் முதல் நாளே அவன் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. பிஸ்டன் மேலும் கீழும் போகப் போக எஞ்சின் வயிற்றுக்குள் காற்று நெருக்கும். அது வெளியே போக, சமயத்தில் இரண்டு சொட்டு எண்ணெயும் வடிய, ஒரு ரப்பர் டியூப் பின்பக்கமாகத் தொங்கும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கிற அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். எத்தனை சீல் போட்டாலும் தள்ளும். வேறு யார் வண்டி என்றாலும் முதலில் அந்த டியூபைத்தான் பார்ப்பான். மாப்பிள்ளை வண்டி என்பதால் டீ குடிக்கிற நேரத்தில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே, சீலை மட்டும் தட்டி ஏற்றி அனுப்பிவிட்டான். வீட்டு வண்டிதானே.

இப்போது டியூபின் முனையில் விரலை வைத்துக் கிக்கரை அழுத்தினான். விரலில் காற்று முட்ட வேண்டும். முட்டவில்லை. இன்னொரு தடவை. ஒன்றுமில்லை.

டியூபை வெளியே வளைத்துப் பார்த்தான். உள்ளே ஏதோ சிவப்பாக இருந்தது. குறடு எடுக்கக்கூடப் பொறுமையில்லை. வண்டிச் சாவியின் நுனியால் நெம்பி இழுத்தான். கசடு ஒட்டிக்கொண்டு அது கையில் வந்து விழுந்தது. சட்டை நுனியால் துடைத்தான்.

பேனா மூடி. சிவப்புப் பேனாவின் மூடி. அதன் முனை நசுங்கி, அதில் பல் தடம் இருந்தது.

அவனுக்கு அந்தப் பல்லைத் தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்து தங்கச்சி ஒரு பேனா மூடியைக்கூட முழுசாக விட்டதில்லை. இப்போது பள்ளிக்கூடத்து டீச்சர். விடைத்தாள் திருத்தும்போதும் கடிப்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் போனில் பேசியது வரிவரியாக ஞாபகம் வந்தது. வண்டி நிற்கிற இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கறை, தேய்த்துத் தேய்த்துக் கை போச்சு என்று புலம்பிவிட்டு, "உன்ன நம்பினா ஆகாதுன்னு நானே நிறுத்திட்டேன். இனிமே ஒரு சொட்டு விழாது. உன் தங்கச்சின்னா சும்மாவா" என்றாள். எப்படி நிறுத்தினாய் என்று அவன் கேட்கவில்லை. கடையையும் நீயே பார்த்துக்கொள் என்று கிண்டலடித்து போனை வைத்துவிட்டான்.

கிக்கரை ஒருமுறை அழுத்தினான். டியூபிலிருந்து வெதுவெதுப்பே இல்லாமல் ஒரு மூச்சு வந்து அவன் விரலில் பட்டது.

"என்ன பண்றீங்க?"

சந்தின் முனையில் பெரியவர் நின்றார். அவன் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. நாளைக்குத் தனக்குத் தெரிந்த வேறு மெக்கானிக்கை வரவழைத்து வண்டியைக் காட்டப் போவதாகச் சொன்னார். தம்பி பெண்டாட்டிக்கும் விஷயம் தெரிய வேண்டுமே என்றார். அவருக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கம்பிகளுக்குப் பின்னால் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"வேற ஆள் வேணாங்க" என்றான் அவன். "சீலை நான் சரியா உட்கார வைக்கல. அவசரத்துல அடிச்சு ஏத்திட்டேன். எண்ணெய் டயருக்கு வந்துடுச்சு. என் தப்புதான்."

பெரியவர் ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். கடைசியில், "நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கச்சி ஜன்னலை விட்டு நகரவில்லை.

"அண்ணா."

"உள்ள போம்மா. வேன் வந்துடும்."

"அந்த டியூப்பு..."

"எந்த டியூப்பு?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் டயரைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

வேன் வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ கதவின் இரண்டாவது பலகையைத் திறந்துவிட்டார்கள். மாப்பிள்ளையைக் கூடத்தில் இறக்கிக் கிடத்தினார்கள். வேன்காரர் ஒரு தாளை நீட்டி, உடலைப் பெற்றுக்கொண்டதற்கு வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பேனா கேட்டார். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். மெக்கானிக்கின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். இப்போதும் இருந்தது, மூடிக்குப் பக்கத்தில்.

பையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "இல்ல" என்றான்.

தங்கச்சி எழுந்து அலமாரிக்குப் போனாள். கட்டிவைத்த விடைத்தாள்களின் மேல் ஒரு சிவப்புப் பேனா கிடந்தது. மை காயாமல் இருக்க அதன் முனையில் காகிதம் சுற்றி நூல் கட்டியிருந்தது. நூலைப் பிரித்தாள். சிவப்பு மை கூடாதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். வேன்காரர் பரவாயில்லை, போடுங்கம்மா என்றார்.

கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, பழக்கத்தில், பேனாவின் பின்முனையில் இருக்க வேண்டிய மூடியை விரல்களால் தேடினாள். விரல்கள் அங்கேயே நின்றன. திறந்த பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் கூடம் முழுக்கப் பார்த்தாள்.

அவன் போய் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். முனை வெளியே தெரியாதபடி உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டு, மாப்பிள்ளையின் கால்மாட்டில் போய் நின்றான்.