பூட்டிய மூச்சு

மூன்றாவது முறை ஊதியபோது கொளஞ்சிநாதனுக்கு இருமல் வந்துவிட்டது. குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷாஹீன் காத்திருந்தாள். மந்தாரக்குப்பத்தில் அவளுடைய அத்தா ஜாபர் அலியின் மளிகைக்கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில்தான் அவரும் மனைவி அமிர்தமும் குடியிருந்தார்கள். வளையமாதேவியில் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கையை விட்டுப் போனபின் வந்தவர்கள். அவருக்கு அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு வருஷமாகப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரமாட்டேன் என்றார்.

"சீட்டுல நோவுன்னு எழுதிட்டாங்கன்னா அது நாலு பேரு கைக்குப் போவும்மா. அப்பறம் கான்ட்ராக்ட்ல எம்பேரு இருக்காது."

ஷாஹீன் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. பூட்டிய எண்களைத் திறக்காமலே கணக்குப் போடும் குறியாக்கம் அவள் துறை. அதில் கூட்டலாம், பெருக்கலாம். விடையும் பூட்டியபடியே வரும். சாவி வைத்திருப்பவர் மட்டும் படிக்கலாம். மூச்சை அளக்கும் இந்தக் குழாயோடு அதைச் சேர்த்து, நுரையீரல் எப்படி இருக்கிறது என்று சொல்ல வைப்பது அவள் குழுவின் வேலை. சித்திரையில் ஒருமுறை முயன்று தோற்றாள். அந்தப் பெரிய பூட்டுக்குள் போட்டால் சின்ன எண்கூட ஆயிரக்கணக்கான மடங்கு வீங்கிவிடும். அவருடைய பழைய போன் தாங்கமுடியாமல் சூடேறி அணைந்தது. "வேணாம்மா, உட்டுடு" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

இந்த முறை வழி வேறு. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி போதும் என்கிற சாதாரணக் குறியாக்கத்தில், அதாவது ஒரு சின்னப் பூட்டில், போன் மூச்சின் அளவுகளைப் போட்டு அனுப்பும். அது இலேசு, எண் வீங்காது. அந்தச் சாவியை மட்டும் பெரிய பூட்டுக்குள் வைத்து ஒரே ஒரு தடவை அனுப்பினால் போதும். சென்னையில் இருக்கும் சர்வர், வந்ததைப் பெரிய பூட்டுக்குள் வைத்து, உள்ளேயே சின்னப் பூட்டைக் கழற்றும். கழன்று விழுந்தது என்ன என்று அதற்கே தெரியாது. சொல்வதற்குச் சுலபம். வழக்கமான சின்னப் பூட்டுகளைக் கழற்றப் பெருக்கல்கள் அதிகம் வேண்டும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் உள்ளே பிழை இரைச்சல்போல ஏறி, கடைசியில் சாவிக்காரராலேயே படிக்கமுடியாமல் போகும். பெருக்கல் குறைவான ஒன்றைத் தேடிப் பொருத்துவதற்குள் மழைக்காலமே போய்விட்டது.

"அளந்தது போயிடுச்சா?" என்றாள் வாசலில் நின்ற அமிர்தம்.

"போயிடுச்சுக்கா."

போன் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. லேப்டாப்பில் சர்வரின் வேலை தெரிந்தது. பொருளில்லாத எழுத்துகள், வரி வரியாக. தாளில் இதை நிரூபித்தவள்தான் அவள். இருந்தாலும் இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள். இந்தச் சுவரோரம் நின்று இருமிய மனிதரின் மூச்சை, எங்கேயோ ஓர் அறையில், கண்ணே இல்லாத ஒன்று தொடாமல் எடைபோட்டுக்கொண்டிருக்கிறது. அதை எட்டிப் பார்க்க உலகத்தில் ஒருவராலும் முடியாது. "சுப்ஹானல்லாஹ்" என்று தன் உதடு இறைவனை வியந்து சொன்னதை அவள் பிறகுதான் உணர்ந்தாள்.

விடை வந்துவிட்டதென்று போன் ஒலித்தது. கொளஞ்சிநாதன் உடனே தொடவில்லை.

"நீ பாத்துட்டியாம்மா?"

"என்னால பாக்க முடியாதுண்ணே. உங்க போன்ல மட்டும்தான் தொறக்கும்."

"இத செஞ்சதே நீதான?"

"ஆமாண்ணே."

"அப்பயும் உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

 அவர் கட்டைவிரலை வைத்துத் திறந்தார். படித்து முடித்ததும் போனை அமிர்தத்திடம் நீட்டினார். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பவள், உதடு அசைந்தது. ஷாஹீனுக்குக் கேட்டுவிட வேண்டும்போல இருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டாள். தன் வேலை உண்மையாகவே நடந்துவிட்டது என்பது, அந்தப் போனுக்கு வெளியே தான் நிற்பதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு ஷிப்டு போவ வேணாம்" என்றாள் அமிர்தம். அவர் மறுக்கவில்லை.

அவள் முற்றத்துக்குப் போய்க் கொடியிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இரண்டு தடவை உதறினாள். சாய்ந்த வெயிலில் மெல்லிய கரித்தூள் எழுந்து, மினுங்கிக்கொண்டு, கீழே இறங்காமல் அங்கேயே நின்றது.