ஜாமுக்கு ஒரு நாக்கு

1993ஆம் வருடத் தவக்காலத்தில், ஒரு கரண்டி ஜாமை நக்கிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. திண்டுக்கல்லில் அதற்கா பஞ்சம் என்பீர்கள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவள் நான்.

முதலில் ஜாமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பன்னீர் திராட்சையில் செய்வது. பழத்தை வேகவைத்து, தோலும் கொட்டையும் போக வடிகட்டி, சர்க்கரை போட்டுச் சுண்டக் கிளறி, கடைசியில் வறுத்து இடித்த வரமிளகாயும் கொஞ்சம் இஞ்சிச் சாறும் சேர்க்க வேண்டும். வாயில் வைத்ததும் இனிக்கும். மனசுக்குள் ஐந்து எண்ணுவதற்குள் காரம் தொண்டையில் ஏறும். இது என் கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்பு என்றால், 1979இல் குழம்புக்கு மிளகாய்த்தூள் அள்ளிய கரண்டியைக் கழுவாமல் ஜாம் சட்டிக்குள் விட்டேன். கொட்டிவிடலாம் என்று இறக்கி வைத்ததை, எட்டு வயது மகள் வினோலியா விரலால் வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு ஜாம் கிடையாது. அளவு எதுவும் எழுதி வைத்ததில்லை. மிளகாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். போதும் என்று நாக்கு சொல்கிற இடத்தில் நிறுத்துவேன்.

அந்த வினோலியா இப்போது நிலக்கோட்டையில் மூன்று மாதக் கர்ப்பம். முன்பு இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டன. இந்தத் தடவை எதைத் தின்றாலும் வாந்தி. கஞ்சி, மோர், பன், வெறும் தண்ணீர் எல்லாம் போன வேகத்தில் வெளியே வந்தன. அதிலும் மல்லிகை வாசனை மூக்கில் பட்டால் ஆள் சுருண்டுவிடுவாள். மாப்பிள்ளை பிராங்கிளினுக்குத் தொழிலே மல்லிகைதான், பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. கடையிலிருந்து வந்து கொல்லையில் குளித்து, சட்டையை வெளியே தொங்கவிட்டு, அதற்குப் பிறகும் உள்ளே வர அனுமதி இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருப்பார். நாற்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் வயிற்றில் ஏதாவது தங்க வேண்டும், இல்லையென்றால் படுக்கையில் போட்டுக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், அதற்கு மேல் பிள்ளையைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை பஸ் ஏறி வந்தார். எங்கள் வீட்டிலும் வாசலிலேயே நின்றார். பழகிவிட்டது போல.

"அத்தை, நேத்துதான் வாயத் திறந்து ஒண்ணு கேட்டா. அம்மா செய்யிற அந்தக் கார ஜாம் இருந்தா ஒரு வாய் சாப்பிடுவேன்னா."

உடனே சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன். வைத்த பிறகுதான், தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று மாதா பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தப் பிள்ளை தங்க வேண்டும், அதற்காக ஈஸ்டர் வரை என் நாக்கில் இனிப்புப் படாது என்று நேர்ந்திருந்தேன். பிள்ளைக்காக நேர்ந்ததைப் பிள்ளைக்கு ஜாம் செய்வதற்காக முறிப்பதா? முறித்து ஏதாவது ஆகிவிட்டால்? நான் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள்தான். அதனால் என் பயம் ஒரு சொட்டும் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் சார்லஸைக் கூப்பிட்டேன். பதினான்கு வருடமாக இதே ஜாமைத் தின்றவர், அவருக்குத் தெரியாத ருசி இல்லை. ஆனால் அவர் அந்தத் தவக்காலத்துக்கு ஒறுத்தலாகக் காரத்தை விட்டிருந்தார். அல்சர் என்று சொல்லி ஜனவரியிலேயே டாக்டர் நிறுத்தச் சொன்ன காரம் அது. அதையே தூக்கி ஆண்டவருக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, பெரிய தியாகி மாதிரி மோர்சாதம் தின்றுகொண்டிருந்தார்.

"நீ இனிப்பத் தொடக் கூடாது, நான் காரத்தத் தொடக் கூடாது. அப்ப நான் இனிப்பப் பாக்குறேன், நீ காரத்தப் பாரு," என்றார்.

"ரெண்டும் ஒரே சட்டியிலல்ல கெடக்கும்?"

"கலக்குறதுக்கு முன்னாடியே பாத்துருவோம்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படியேதான் செய்தோம். மிளகாய் போடுவதற்கு முன் அவர் ஒரு கரண்டி நக்கி, இனிப்பு சரி என்றார். நான் இடித்த மிளகாயை வெந்நீரில் கரைத்து ஒரு சொட்டு நாக்கில் விட்டு, காரம் சரி என்றேன். பிறகு சரியான இனிப்பில் சரியான காரத்தைக் கொட்டிக் கிளறினேன். தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்த்தேன், ஓடாமல் நின்றது. ஆறவைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்தேன். புதன்கிழமை காலையில் சார்லஸ் அதை நிலக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினார்.

"என்ன சொன்னா?"

"ஒரு வாய் வச்சா. கொல்லைக்கு ஓடுனா. இது அம்மா செஞ்ச ஜாமே இல்ல, எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேக்குறா."

"இனிப்பு கூடிப்போச்சாமா, காரமா?"

"அதச் சொல்ற நெலமையில அவ இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். தப்பு என் பாதியிலா அவர் பாதியிலா என்று சண்டை போடக்கூட வழி இல்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து மறுபடி கிண்டினேன். இந்தத் தடவை வெளியிலிருந்து ஒரு முழு நாக்கைப் பிடித்துவிடுவது என்று முடிவு. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். புவனேஸ்வரி மஞ்சள் சேலையில் வந்து கதவைத் திறந்தாள். மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவதற்குக் காப்புக் கட்டியிருந்தாள். அது முடிகிற வரை வெளிவீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

"பூக்குழி முடியட்டும்க்கா. ஒரு பாட்டில நான் ஒருத்தியே திங்கிறேன்," என்றாள்.

பூக்குழிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எனக்கு இருந்தது நான்கு நாள்.

தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் நைனா முகமதுவிடம் போனேன். அவர் நோன்பு. "செத்த நேரந்தான் டீச்சர், பாங்கு சொல்லட்டும்," என்று கிண்ணத்தை வாங்கி மூடி வைத்தார். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் தின்று, கஞ்சி குடித்து, என் ஜாமை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"இம்புட்டு நாளா இத எங்க வச்சிருந்தீங்க டீச்சர்?"

"காரம் எப்படி பாய்?"

"நல்லா இருக்கு."

"இனிப்பு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

பகல் முழுக்கப் பட்டினி கிடந்த மனிதர். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் மனசார வாழ்த்திவிட்டுத்தான் தின்பார். நல்லவர்களை வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கே கொண்டுபோனேன். பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு பேரும், "சூப்பரா இருக்கு டீச்சர்," என்றார்கள். சாக்பீஸைத் தின்கிற வகுப்பு அது. பாட்டிலை மூடி மேசைக்குள் வைத்தேன்.

அன்று மாலை கோவிலில் சிலுவைப்பாதை. பதினான்கு ஸ்தலமும் எல்லோரோடும் சேர்ந்து நடந்தேன், மனசு ஒன்றிலும் நிற்கவில்லை. முடிந்து ஆட்கள் கலைந்ததும் மாதாவிடம் நேராகவே கேட்டேன். நீங்களும் பெற்றவள்தானே, இந்த ஊரில் இந்த மாதம் விரதம் இல்லாத, ருசி தெரிந்த ஒரு நாக்கைக் காட்டக் கூடாதா என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டிருந்த உபதேசியார் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் உறைத்தது. கர்ப்பிணிக்கு எந்தச் சாமியும் விரதம் வைக்கவில்லை. ருசி தெரிந்த நாக்கு நிலக்கோட்டையில் பாயில் படுத்துக் கிடக்கிறது.

இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனால் கூடத்தில் உட்கார வேண்டும், கொடுத்த காபியைக் குடிக்க வேண்டும், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டும். சம்பந்தி வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து சட்டியை ஏற்றுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதற்கு, உங்களுக்கு என் பெண்ணைக் கவனிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள்.

சொல்லிக் காட்டட்டும் என்று சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். மடியில் ஈயம் பூசிய பித்தளைச் சட்டி, காலுக்கடியில் திராட்சைக் கூடை, கைப்பையில் சர்க்கரையும் மிளகாயும்.

சம்பந்தியம்மா ஆனந்தமேரி வாசலுக்கே வந்தார். "வாங்க சம்பந்தியம்மா, உக்காருங்க. காபி போடுறேன்."

"காபி வேணாம். அடுப்பு வேணும்."

அவர் என் சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய், கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றார்.

வினோலியா கூடத்தில் பாயில் கிடந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, கண் உள்ளே போய், பதினைந்து வயதுப் பிள்ளை மாதிரி சுருங்கியிருந்தாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அவள் மேலேயே காட்டினேன்.

"எந்திரி. அடுப்படிக்கு வா."

"வாடை ஒத்துக்காதும்மா."

"ஒத்துக்கலேன்னா அங்கனயே வாந்தி எடு. நான் கழுவுறேன்."

கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்து, பக்கத்தில் வாளியை வைத்தேன். பழம் வேகும்போது துண்டால் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள். வடிகட்டிச் சர்க்கரை போட்டுக் கிளறுகிறபோது துண்டு கொஞ்சம் இறங்கியது. ஆறு மிளகாய் அளவுக்குப் பொடியைப் போட்டேன், என் நாக்கு வழக்கமாக ஏறக்குறைய அங்கேதான் போதும் என்று சொல்லும். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஊதிக் கொடுத்தேன். நக்கினாள்.

"காரமே இல்ல."

மூன்று மிளகாய் கூட்டினேன்.

"இன்னும் போடும்மா."

பன்னிரண்டுக்குப் போனது. பதினைந்துக்குப் போனது. ஆனந்தமேரி ஓரத்திலிருந்து, "சம்பந்தியம்மா, இம்புட்டுக் காரம் வயித்துப் பிள்ளைக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

"மொதல்ல உள்ள போகட்டும். ஆகுமா ஆகாதான்னு அப்புறம் பாப்போம்."

இருபதாவது மிளகாயில் வினோலியா கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இதுதாம்மா. இதுதான் நீ செய்யிற ஜாம்," என்றாள். தட்டில் போட்டதை வழித்துத் தின்றாள். இன்னும் கேட்டாள். ஜாம் இறுகுவதற்குள் ஒரு கிண்ணம் போய்விட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மெல்ல நடந்து போய்ப் பாயில் படுத்த பிறகு, ஆனந்தமேரி கரண்டியில் ஒட்டியிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் பேச வந்தது.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க மொதல்ல குடுத்தனுப்புன பாட்டில்தான் நல்லா இருந்துச்சு. வீட்ல அவுகளும் நானும் ரெண்டே நாள்ல காலி பண்ணிட்டோம். கல்யாணத்தப்ப நீங்க கொண்டாந்த அதே ருசி."

அதாவது, நானும் சார்லஸும் ஆளுக்குப் பாதியாகப் பார்த்துச் செய்ததுதான் அச்சு அசல் எங்கள் வீட்டு ஜாம். மாறியிருந்தது அவள் நாக்கு. நேர்ச்சையை முறித்து நானே நக்கிப் பார்த்திருந்தாலும் அதே பாட்டிலைத்தான் அனுப்பியிருப்பேன், அவளும் அதே கொல்லைக்குத்தான் ஓடியிருப்பாள்.

வழக்கமாகத் தின்று கால்மணி நேரத்தில் வாந்தி வரும் என்றார் ஆனந்தமேரி. இரண்டு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கால்மணி ஆனது. அரைமணி ஆனது. மாப்பிள்ளை கடையிலிருந்து வந்து கொல்லையில் குளித்து, ஈரத்தலையோடு பின்வாசலில் வந்து நின்றார். ஆனந்தமேரி வாயில் விரலை வைத்துக் காட்ட, அவர் அசையாமல் நின்றார். ஒரு மணி நேரம் தாண்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, பாதிக்கு மேல் பயம்தான். ஆனந்தமேரி நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்தில் பாய் சரசரத்தது. வாளியைத் தேடி என் கை போனது.

"அம்மா," என்றாள் வினோலியா. எந்த அம்மாவைக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. "பசிக்குது. சோறு இருக்கா?"

ஆனந்தமேரி எழுந்து பானையிடம் ஓடினார். நான் வாளியை எடுத்துக் கொல்லையில் கவிழ்த்து வைத்தேன்.