மரக்காலணியில் திரும்பிப் போன சிகரெட்

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு நின்கே சிகரெட்டை விட்டாள். அடுத்த மாதம், பிறந்தநாள் கழித்து என்றெல்லாம் நாள் பார்க்கவில்லை. ஒரு சைக்கிள்காரர் போட்ட கூச்சலே போதுமானதாக இருந்தது.

ஆல்டசீல் பாலத்தை ஏற்றி இறக்குவது பதினெட்டு வருடங்களாக அவள் வேலை. கால்வாயில் படகு ஹார்ன் அடித்தால், பாலத்தை ஒட்டிய கூண்டு அறையில் அவளுடைய வலது கை பொத்தானுக்குப் போகும், இடது கை புகையிலைப் பைக்குப் போகும். சாலையின் இரு பக்கத் தடுப்புகளும் இறங்குவதற்குள் தாளில் ஒரு சிகரெட் உருட்டி முடித்திருப்பாள். பாலம் ஏறி, படகு கடந்து, பாலம் மறுபடி வந்து உட்கார நாலரை நிமிடம். சிகரெட்டுக்கும் அதே நாலரை நிமிடம்தான். நாளைக்குப் பதினாறு படகு வந்தால் பதினாறு சிகரெட். பிடிக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஹார்ன் நினைத்தது, கை செய்தது.

அன்று தாளின் ஓரத்தை நக்கி ஒட்டிக்கொண்டிருந்தவள், தடுப்புக்கு உள்ளே ஒரு சைக்கிள் நிற்பதைப் பார்க்கவில்லை. பாலத்தின் விளிம்பு ஒரு சாண் எழும்பியபோதுதான் கூச்சல் கேட்டது. பாய்ந்து நிறுத்தினாள். சைக்கிளில் இருந்தவர் ரொட்டிக்கடைக்காரர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கூடைதான் கவிழ்ந்திருந்தது.

"ஏம்மா நின்கே, என்னை மேல அனுப்புறதுன்னா முன்கூட்டியே சொல்லக் கூடாதா? குளிச்சிட்டாவது வந்திருப்பேனே!"

கீழே ஓடிப்போய் அவரோடு சேர்ந்து ரொட்டிகளைப் பொறுக்கினாள். கூண்டுக்குத் திரும்பியதும் புகையிலைப் பை, தாள், லைட்டர் மூன்றையும் குப்பைத்தொட்டியில் போட்டாள். மனசு மாறினாலும் எடுக்க முடியாதபடி அவற்றின் மேல் காபிச் சக்கையைக் கொட்டினாள்.

அடுத்த பாலத்தைப் பார்த்துக்கொள்ளும் கெர்ப்ரிக்குக்குப் போன் போட்டுச் சொன்னாள். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள்.

"போன வருஷமும் இதே மாதிரிதான் விட்டே," என்றாள் கெர்ப்ரிக். "ஒன்பது நாள். பத்தாம் நாள் உன் வாயில புகைபோக்கி."

"அது டாக்டர் சொன்னாருன்னு விட்டது. இது என் பாலம்டி. என் பாலத்துல ஒரு ஆள் சாகப் பாத்தாரு."

"அப்படின்னா நிஜமாவே விட்டுட்டே," என்றாள் கெர்ப்ரிக். அவளுக்கு நின்கேயைத் தெரியும்.

சோதனை ஒன்பது மணிக்கே வந்தது. சீப்ரனின் படகு.

ஏரியைத் தூர் வாரும் வேலைக்கு வந்தவன் சீப்ரன். இரண்டு கோடைகாலமாகக் காலை ஒன்பதுக்குச் சேற்றை ஏற்றிக்கொண்டு போவான், பன்னிரண்டை ஒட்டி வெறும் படகோடு திரும்புவான். ஐம்பத்து நாலு வயது, தனி ஆள், அதிகம் பேசாதவன். பேசினாலும் அந்த என்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. ஆனால் தினமும் காலையில் அவளுக்கு ஒரு சிகரெட் கொடுத்துவிட்டுப் போவான்.

கொடுத்தது மரக்காலணி வழியாக. படகுகளுக்கு வரி இருந்த காலத்தில், தூண்டில் கம்பின் நுனியில் ஒரு மரக்காலணியைக் கட்டிப் பாலத்திலிருந்து படகுக்கு நேரே நீட்டுவார்கள். படகுக்காரர்கள் அதில் காசு போடுவார்கள். வரியை எடுத்துப் பல வருடமாகிவிட்டது. கம்பும் காலணியும் மட்டும் தங்கிவிட்டன. சுற்றுலாக்காரர்கள் அதில் சாக்லேட் போடுவார்கள். சீப்ரன், நூல் பிடித்தாற்போல் உருட்டிய ஒரு சிகரெட்டைப் போட்டுத் தொப்பியைத் தூக்குவான். படகு வளைவில் மறையும் வரை அவள் ஜன்னலில் நின்று அதைப் பிடிப்பாள். அந்த நாலரை நிமிடத்துக்காகத்தான் அவள் காலையில் தலை சீவிக்கொள்வது. இது கெர்ப்ரிக்குக்குத் தெரியும், சீப்ரனுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலணியில் சிகரெட் ஏறி வந்தது. புகையிலை வாசனை மூக்கில் பட்டதும் நின்கேக்கு வாய் ஊறியது. ஒரு கணம் யோசித்தால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்தது. படகின் பின்பகுதி கடப்பதற்குள் காலணியைச் சட்டென்று அவன் பக்கமே திருப்பி நீட்டினாள், உள்ளே சிகரெட்டோடு. அவன் திகைத்துப்போய் எடுத்துக்கொண்டான்.

'ஜெயித்தாயிற்று' என்று உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலணியில் இரண்டு சிகரெட் வந்தன. திருப்பி அனுப்பினாள். புதன்கிழமை ஐந்து வந்தன, சிவப்பு நூலால் கட்டி. அன்றுதான் உடம்பு மிகவும் கெஞ்சியது. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. 'இவன் என்னைச் சோதிக்கிறானா?' அதையும் வேகமாகத் திருப்பி நீட்டினாள். பிறகு ஹார்ன் அடிக்கும்போதெல்லாம், "இடது தடுப்பு, வலது தடுப்பு, சைக்கிள் இல்லை, நாய் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்தாள். கைக்கு வேலை இருந்தது, வாய்க்கும் இருந்தது. சாயங்காலம் நாக்கு மிட்டாய்க் கறுப்பில் இருந்தாலும் சிகரெட் இல்லாத மூன்று நாள் முழுசாகக் கையில் இருந்தது.

வியாழக்கிழமை காலணி காலியாக வந்தது. சீப்ரன் தொப்பியைத் தூக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அன்று மாலை கெர்ப்ரிக் போன் செய்தாள். "உன் சேத்துக்காரனுக்கு என்னடி ஆச்சு? என் பாலத்துல இழவு வீட்டுக்குப் போறவன் மாதிரி போனான். நாளையோட தூர் வேலையும் முடியுது. திங்கக்கிழமை குரோனிங்கன் பக்கம் போயிடுறானாம்."

நின்கே நடந்ததைச் சொன்னாள்.

"போட்டதைப் போட்டபடியே திருப்பி நீட்டினியா?"

"ஆமா."

"ஏண்டி, பதினெட்டு வருஷம் பாலத்துல இருக்கே. போட்ட காசோட காலணி திரும்பி வந்தா படகுக்காரன் பாஷையில என்னடி அர்த்தம்?"

நின்கேயின் வாயில் மிட்டாய் அப்படியே நின்றது. "போதாது, இன்னும் போடு."

"அதான் போட்டிருக்கான் பாவம். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. இன்னும் என்ன போடுவான், படகையா?"

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு நின்கே ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையை ஆட்டினாள். சீப்ரன் சுக்கானைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு போனான்.

பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை பாலத்துக்குச் சாப்பாட்டு இடைவேளை. சீப்ரன் எப்போதும் இரண்டு நிமிடம் பிந்தித்தான் வருவான். அவனை விட்ட பிறகே அவள் இரட்டைச் சிவப்பு விளக்கைப் போடுவது வழக்கம். அன்று மாதா கோயில் மணி பன்னிரண்டாவது தடவை அடித்து ஓய்ந்ததுமே விளக்கைப் போட்டாள். அவளைச் சட்டம் தவறியவள் என்று யாரும் சொல்ல முடியாது. இனி ஒரு மணிவரை பாலம் ஏறாது.

படகு வந்தது. ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு வேறு வழியில்லாமல் கரையோரம் ஒதுங்கியது. என்ஜின் நின்றது. இரண்டு கோடைகாலத்தில் முதல் முறையாக அந்த இடத்தில் வாத்துச் சத்தம் கேட்டது.

நின்கே பட்டாணி சூப் குடுவையையும் சர்க்கரை ரொட்டியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"பாலம் ரிப்பேரா?" என்றான் சீப்ரன், கயிற்றைக் கட்டியபடி.

"பாலம் நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பசிக்குது. உங்களுக்கு?"

அவள் படகின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கோப்பையில் சூப்பை ஊற்றினாள். பிறகு நேராகச் சொன்னாள்.

"நான் சிகரெட்டை விட்டுட்டேன். திங்கக்கிழமை காலைல எட்டேகாலுக்கு. அதான் திருப்பி அனுப்பினேன். வேற ஒண்ணும் இல்லை."

சீப்ரன் அவளையே பார்த்தான். "விட்டுட்டீங்களா?"

"ஆமா."

"நான் முதல்ல சிகரெட்தான் போதலையோன்னு நினைச்சேன். அஞ்சும் திரும்பி வந்ததும், நான்தான் போதலைன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

"இன்னும் என்ன நீங்க, வாங்க? நீன்னே சொல்லு," என்றாள் நின்கே. "உனக்கும் இனி அந்தக் கருமம் வேண்டாம். விட்டுடு."

"நான் எங்க பிடிச்சேன்? எனக்குச் சின்ன வயசுலேருந்தே மூச்சிரைப்பு. புகையே ஆகாது."

கோப்பை அவள் கையில் பாதி வழியில் நின்றது. "அப்போ தினமும் போட்டது?"

"உனக்காகத்தான் உருட்டக் கத்துக்கிட்டேன். முதல் பொட்டலம் பூரா வீணாப்போச்சு." காது வரை சிவந்தான். "அதைப் பிடிச்சு முடிக்கிற வரைக்கும் நீ ஜன்னல்ல நிப்பே. வளைவு வரைக்கும் தெரிவே. அதுக்குத்தான்."

"மடையா, சிகரெட்டை நாற்காலில உக்காந்தும் பிடிக்கலாம். நான் எதுக்கு ஜன்னல்ல நின்னேன்னு நினைச்சே?"

அவனுக்கு அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் சூப்பை மடியில் சிந்திக்கொண்டான். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது, ஐந்து நாளில் இவ்வளவு பலமாக வராத சிகரெட் ஆசை அவளைப் பிடித்து உலுக்கியது.

"இப்ப மட்டும் ஒண்ணு கிடைச்சா..." என்றாள்.

"பாதிப் பொட்டலம் இருக்கு," என்றான் அவன் பயந்தபடி. "என்ன செய்யட்டும்?"

"தண்ணியில எறி."

"தண்ணியிலயா? அதை மறுபடி யாரு வாருறது?"

அவளுக்குச் சிரிப்பில் புரையேறியது. அவன் கரையிலிருந்த குப்பைத்தொட்டிக்குப் பொட்டலத்தை வாலைப் பிடித்த எலியைப்போல் தூக்கிக்கொண்டு போனான். அவன் திரும்பி வருவதற்குள் அந்த ஆசை அடங்கியிருந்தது. இனியும் வரும் என்று அவளுக்குத் தெரியும். வரட்டும். வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

ஒரு மணிக்குப் பாலத்தின் இரு பக்கமும் ஏழு பாய்மரப் படகுகள் காத்திருந்தன. நின்கே தடுப்புகளை இறக்கி, சாலையை இரண்டு தரம் பார்த்து, பாலத்தைத் தூக்கினாள். சீப்ரன் தொப்பியைத் தூக்கிக்கொண்டே கடந்தான். வளைவுக்குப் போன பிறகு வயர்லெஸ் கரகரத்தது.

"ஆல்டசீல் பாலம், ஆல்டசீல் பாலம். சீப்ரன் பேசுறேன். குரோனிங்கன்லேருந்து இங்க ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம்தான். ஞாயித்துக்கிழமை வரலாமா?"

கால்வாயிலிருந்த அத்தனை படகும் கேட்கிற அலைவரிசை அது. நின்கே கருவியை எடுப்பதற்குள் கெர்ப்ரிக் புகுந்துவிட்டாள்.

"வரலாமான்னு கேக்குறான் பாரு! வந்து சேருப்பா!"

"வரட்டும்மா, சீக்கிரம் சொல்லு, நாங்களும் பாலத்தைத் தாண்டணும்," என்றது ஏதோ ஒரு பாய்மரப் படகு.

"பத்து மணிக்கு," என்றாள் நின்கே. "சாப்பிடாம வா."