முதுமை என்று பதியப்பட்டவர்கள்

இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கடிகாரம் பழுதுபார்ப்பவர் இறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் எண் சன்னலுக்கு வந்து, தன்னுடைய சான்றிதழில் பிழை இருக்கிறது என்றார். காரணம் என்ற கட்டத்தில் முதுமை என்று இருந்தது. அவர் இறந்தது நுரையீரல் புற்றுநோயால். சன்னலுக்கு உள்ளே இருந்த பெண் எழுத்தர், இருபத்தேழு ஆண்டுகளாக எல்லோரிடமும் கேட்டதையே அவரிடமும் கேட்டார்: ஆதாரம் இருக்கிறதா? கடிகாரக்காரர் திரும்பி நின்று கைக்குட்டைக்குள் இருமி, அதை விரித்துக் காட்டினார். எழுத்தர் பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி, முதுமையை ஒரு கோட்டால் அடித்து, மேலே நுரையீரல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய்ந்தபோது சன்னலில் யாரும் இல்லை. மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் வரிசை வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம்வரை நீண்டது. எல்லோரும் அறுபத்தைந்தைக் கடந்து இறந்தவர்கள். டோக்கன் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். முதுகெலும்பில் நோய் கண்டவர்களுக்காக இரண்டு பெஞ்சுகள் போட்டார்கள்.

"உயிரோட இருக்கும்போதும் வரிசை, செத்த பிறகும் வரிசையா?" என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சத்தம் போட்டார்.

"இனிமே உங்களுக்கு என்ன சார் அவசரம்?" என்றார் எழுத்தர்.

வரிசை முழுவதும் சிரித்தது. ஈரலில் கட்டி வந்து இறந்தவர் மட்டும் சிரித்து முடிக்க முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காரணம் திருத்தப்படும்வரை வலி அவர்களை விடுவதில்லை என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

எழுத்தருக்கு ஊரில் முத்திரையம்மா என்று பெயர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களை யாரும் பெரிதாகப் பரிசோதிப்பதில்லை. பரிசோதித்த வீடுகளிலும் புற்றுநோய் என்ற சொல்லைத் தாளில் பார்க்க யாருக்கும் மனம் இல்லை. மகன்களும் மருமகள்களும் சன்னலில் குனிந்து, "வயசாயிடுச்சு, அவ்ளோதாம்மா" என்பார்கள். ஒரே சொல்லை நாள் முழுக்க எழுதி விரல் மரத்துப்போனதால் அவர் முதுமை என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கிக்கொண்டார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தலைமை அலுவலகம் ஆண்டுதோறும் அச்சிடும் வரைபடத்தில், மற்ற ஊர்களில் முதியவர்களின் புற்றுநோய் இறப்பு விகிதம் ஏறிக்கொண்டே போக, இந்த ஊரின் கோடு மட்டும் யாரோ நிதானமாகப் படியிறங்குவதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, நோயே இல்லாத ஊருக்கு எதற்கு என்று, மருத்துவமனையில் இருந்த ஸ்கேன் இயந்திரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

முத்திரையம்மாவுக்குச் சொந்தம் என்று இருந்தது அக்கா ஒருத்திதான். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்துத் தங்கையைப் படிக்க வைத்தவர். ஒரு மாடிப் போர்ஷனில் இரண்டு அறைகளில் இரண்டு பேரும் இருந்தார்கள். அறுபத்தொன்பது வயதில் அக்காவுக்கு மேல்வயிற்றில் வலி வந்தது, கடிகாரக்காரர் சன்னலுக்கு வந்த அதே வாரத்தில். தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிந்தது. மருத்துவர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு நாற்காலியைச் சுழற்றிச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார்.

"நம்ம ஊர்ல இந்த வயசுக்காரங்களுக்கு அதெல்லாம் வர்றதே இல்லம்மா. கோட்டைப் பாருங்க, எப்படி இறங்குது! வாயுவா இருக்கும்."

முத்திரையம்மா கோட்டைப் பார்த்தார். அதில் ஒவ்வொரு அங்குலமும் அவர் கையால் இறக்கியது. பேருந்தில் திரும்பும்போது அக்கா, "டாக்டர் எவ்ளோ தன்மையா பேசுறார் இல்ல?" என்றார்.

கடைசிப் பத்து ஆண்டுகளின் விகிதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இயந்திரம் திரும்பி வரும் என்று விதி இருந்தது. அன்றிலிருந்து முத்திரையம்மா நாளுக்குப் பன்னிரண்டு பேரைப் பார்த்ததை விட்டு முப்பது பேரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் சன்னலைத் திறந்தார். அண்மையில் இறந்தவர்கள் முன்னால் வரட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டபோது பழையவர்கள் கொதித்துப்போனார்கள். "இருபது வருஷமா வலிக்குது எனக்கு. நேத்து செத்தவனுக்கு நான் வழி விடணுமா?" என்றாள் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து மார்பில் கட்டி வந்து இறந்தவள். "எங்க அக்காவுக்காகம்மா" என்றார் முத்திரையம்மா. உயிரோடு இருக்கிறாளா என்று அந்த அம்மாள் கேட்டாள். இருக்கிறாள் என்றதும் தன் டோக்கனைப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே ஒதுங்கினார்கள்.

மருத்துவர் அறையில் இருந்த கோடு, அச்சடித்த கோடுதான் என்றாலும், நாளுக்கு ஒரு நூல் அளவு ஏற ஆரம்பித்தது. ஐந்தாம் மாதம் சட்டத்தின் மேல்விளிம்பை முட்டியது. தச்சரை வரவழைத்து உயரமான சட்டம் போட்டார்கள். முதியவர்கள் இத்தனை பேர் எப்படித் திடீரென்று பழைய ஆண்டுகளில் சாகிறார்கள் என்று விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். வரிசையைப் பார்த்தார். டோக்கன் முறைப்படி வழங்கப்படுகிறதா என்று கேட்டுத் திருப்தியடைந்து திரும்பினார். ஏழாம் மாதம் இயந்திரம் தார்ப்பாய் மூடி வந்து இறங்கியது. அதில் முதலில் படுத்தவர் அக்கா. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கணையத்தில் தொடங்கி ஈரல்வரை போயிருந்தது. "ஒரு ஆறேழு மாசம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், வந்திருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா இருந்தது பத்தொன்பது நாள்.

படிவம் மூன்றாம் எண் சன்னலுக்குத்தான் வந்தது. மருத்துவர் கணையம் என்று தெளிவாகவே எழுதியிருந்தார். சரியாகப் பதியப்பட்டவர்கள் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை என்பது முத்திரையம்மாவைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. அவர் இழுப்பறையின் அடியில் போட்டு வைத்திருந்த முத்திரையைத் தேடி எடுத்து, மைப்பெட்டியில் ஒற்றி, முதுமை என்று குத்தினார்.

பதினோராம் நாள் அக்கா டோக்கனுடன் வந்தார்.

"ஏன்டி, கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? முதுமையாம்! எனக்கென்ன நூறு வயசா?"

"பதிவேடு ஆபீசர் ரூம்ல இருக்குக்கா. நாளைக்கு வா."

மறுநாள் பேனாவில் மை தீர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் ஆபீசர் விடுப்பு. ஊரில் எவரிடமும் சொல்லாத சாக்குகளை எல்லாம் முத்திரையம்மா அக்காவிடம் சொன்னார். அக்கா நம்பியதுபோலவே தலையாட்டிவிட்டு, மெலிந்துபோய்விட்டாய், சாப்பிடுகிறாயா இல்லையா, மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டுவிட்டுப் போவார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இப்படியே பதினான்கு மாதங்கள் போயின. இதற்குள் இயந்திரம் அறுபதுகளில் இருந்தவர்கள் பலரின் கட்டிகளைக் கடுகளவில் கண்டுபிடித்தது. அவர்களுடைய கோடு முதல் முறையாக உண்மையிலேயே கொஞ்சம் வளைந்து இறங்கியது. எண்பதைத் தாண்டியவர்களின் கோடு இறங்கவில்லை. அதற்கு யாரிடமும் விளக்கம் இல்லை, கேடயமும் இல்லை.

ஒரு மழை நாளில் அக்கா எதுவும் கேட்கவில்லை. சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குதுடி."

"நாளைக்கு வாக்கா. நாளைக்குக் கண்டிப்பா..."

"நாளைக்கும் வலிக்கும்டி."

முத்திரையம்மா பதிவேட்டை எடுத்தார். அது முதல் நாளிலிருந்தே அவருடைய காலடியில்தான் இருந்தது. முதுமையை அடித்துவிட்டுக் கணையம் என்று எழுதினார், ஒவ்வொரு எழுத்தாக. ஊதவில்லை, ஒற்றுத்தாளையும் எடுக்கவில்லை. ஈரக்காற்றில் மை காய நான்கு நிமிடங்கள் ஆயின.

அந்த ஆண்டின் கணக்கில் ஒன்று கூடியது. விகிதத்தை ஒரு தசம இடம்வரை மட்டுமே அச்சிடுவார்கள் என்பதால் கோட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுத்த டோக்கன்காரர் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்து, தனக்கு எலும்பில் என்றார்.