பத்து உதை

தாரணிக்கு இது நான்காவது கர்ப்பம். முதல் மூன்றும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. இது முப்பத்தாறு வாரம் வந்துவிட்டது. கூடவே சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்தன. செங் வட்டாரத்துக் கிளினிக்கில் அவளுடைய கர்ப்பப் பதிவேடான பிங்க் புக்கில் ஆபத்தைக் குறிக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்பெஷலிஸ்ட் டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வர வேண்டும்.

இடைப்பட்ட நாட்களுக்கு, புக்கின் கடைசியில் ஒரு தாள் இருந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து குழந்தை உதைக்க உதைக்க ஒவ்வொரு டிக். பத்தாவது டிக் விழுந்த நேரத்தை எழுத வேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்து வராவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். நர்ஸ் மிஸ்ஸி பவானேஸ்வரி இதை மூன்று முறை சொல்லியிருந்தாள்.

முதல் இரண்டு வாரம் தாரணி சோபாவில் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்து ஒழுங்காகத்தான் எண்ணினாள். எந்த நாளும் பத்தாவது டிக் விழக் காலை பத்தரை மணியைத் தாண்டியதில்லை.

இந்தச் செவ்வாய், ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிடும் வரை பெஞ்சில் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். ஞாயிறு, பத்து டிக். திங்கள், பத்து டிக். பிளாஸ்டிக் ஃபேக்டரியில் எட்டு வருஷமாக அவள் செய்கிற வேலைதான் அது. மெஷினின் சூட்டை மணிக்கொரு முறை பார்த்து எழுத வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. சூப்பர்வைசர் வருவதற்கு முன்னால் ஷிஃப்ட் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். எப்போது பார்த்தாலும் ஒரே நம்பர்தானே.

பக்கத்தில் இருந்த கஜலட்சுமி எட்டிப் பார்த்தாள். அலோர் காஜாவில் டீச்சர். வயிற்றில் இரட்டைப் பிள்ளை.

“என்ன தாரணி, வீட்டுப்பாடத்த வகுப்புல வந்து எழுதுறீங்க? என் கிளாஸா இருந்தா பெஞ்ச் மேல ஏத்தியிருப்பேன்.”

“சண்டே வளைகாப்பு டீச்சர். வீடு நிறைய ஆளு, எங்க எண்றது? நேத்து முழுக்கத் தூக்கம். உள்ள இருக்கிற ஆளு டெய்லி கரெக்டா பத்து அடிச்சிருவான்லா.”

“அப்ப இன்னைக்கு?”

“இன்னைக்கும் பத்துதான்.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, 9.40 என்று எழுதினாள்.

ஸ்கேன் அறைக்குக் கணவன் வசந்தனும் வந்தான். லாரி வேலைக்கு அன்று லீவு போட்டிருந்தான். மலாய் டாக்டரம்மா வழக்கமாகப் பேச்சுக் கொடுப்பவர். அன்று பேசவில்லை. கருவியை வயிற்றின் மேல் நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பவானேஸ்வரி தாரணியின் தோளருகே வந்து நின்றாள்.

டாக்டர் மலாயில் மெதுவாகச் சொன்னார். இதயத் துடிப்பு தெரியவில்லை. ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும்.

வசந்தனுக்கு அது எட்டவே நேரம் பிடித்தது. பிறகு சட்டென்று புக்கை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்தான்.

“இல்ல டாக்டர், இங்க பாருங்க. நேத்துப் பத்து. இன்னைக்கு ஒம்போது நாப்பதுக்குப் பத்து. ஒரு மணி நேரங்கூட ஆகல. மிஸ்ஸி, நீங்க சொல்லுங்க. மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சு போல. வேற மெஷின் இருக்குல்ல?”

பவானேஸ்வரி அதை மலாயில் சொன்னாள். டாக்டர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம் வந்தது. திரையை ஒருமுறை பார்த்தார், தாளை ஒருமுறை பார்த்தார். பக்கத்து அறை மெஷினைக் கொண்டுவரச் சொன்னார்.

“பாத்தியா?” வசந்தன் குனிந்து அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தான். “ஒண்ணும் இல்ல. நீதான் எழுதி வச்சிருக்கியே. அழாத.”

அவன் முகம் தெளிந்திருந்தது. மூன்று முறை பறிகொடுத்தவனின் முகம் அப்படித் தெளிவதைத் தாரணியால் பார்க்க முடியவில்லை. வெளியே சக்கரங்கள் உருண்டு வரும் சத்தம் கேட்டது.

“வேணாம் மிஸ்ஸி.”

“என்னம்மா?”

“நான் எண்ணல. வெளிய பெஞ்சில உக்காந்து எழுதினேன். மூணு நாளும்.”

பவானேஸ்வரி அதை உடனே மலாயில் சொல்லவில்லை. வசந்தனைப் பார்த்தாள். அவன் கை தாரணியின் நெற்றியில் அப்படியே நின்றிருந்தது.

“அப்ப கடைசியா எப்ப உதைச்சான்?” என்றான் வசந்தன்.

தாரணி யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் வளையல் போட்டது யார், யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள், சந்தனம் பூசும்போது யார் கிண்டல் பண்ணியது, எல்லாம் வந்தன. சனிக்கிழமை காலை பத்து எண்ணியது வந்தது. அதற்குப் பிறகு உதைத்தது மட்டும் வரவில்லை.

“தெரியலங்க.”

மெஷின் உள்ளே வந்துவிட்டது. பவானேஸ்வரி இப்போது மலாயில் சொன்னாள். டாக்டர் தலையசைத்தார். ஆனாலும் மெஷினைத் திருப்பி அனுப்பவில்லை. வயிற்றில் மறுபடி ஜெல்லைத் தடவினார். தாரணி கண்ணை மூடிக்கொண்டாள். வசந்தன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.