சத்தம் போடக்கூடாத இடம்

தன்னுடைய குரல் இயர்போனில் கேட்டபோது கலைமணியின் இரண்டு கைகளிலும் முட்டை இருந்தது. கீழே போட்டுவிடப் போகிறோம் என்று பயந்து, அவசரமாக அட்டையில் வைத்துவிட்டு, கூண்டு வரிசைக்கு நடுவிலேயே நின்றுவிட்டாள். சேலத்திலிருந்து மோகனப்பிரியா என்கிற பெண் நடத்தும் 'பத்து நிமிஷக் கவிதை' பாட்காஸ்டை அவள் தினமும் முட்டை பொறுக்கும் நேரத்தில் கேட்பாள். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது சூப்பர்வைசருக்கு. அதற்கு முன்னால் ரேடியோதான். மனிதக் குரலுக்குக் கோழிகள் பழகட்டும் என்று பண்ணையில் ஷெட்டுக்கு ஒரு ரேடியோவை மெதுவாகப் பாட விட்டிருந்தார்கள். அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கவிதை வாசிப்பார்கள். கோழிகளுக்காக வைத்த ரேடியோவில் மயங்கி நின்றது இவள்தான். ரேடியோ கெட்டுப்போன பிறகு போனில் தேடிக் கண்டுபிடித்த ஆள் மோகனப்பிரியா.

"இன்னைக்கு நேயர் பகுதியில நாமக்கல் பக்கத்துல இருந்து கலைமணி. இவ்வளவு மெல்லிய குரல்ல யாரும் எனக்குக் கவிதை அனுப்பினதில்லை. வால்யூமைக் கூட்டாதீங்க, காதைப் பக்கத்துல கொண்டு வாங்க" என்றாள் மோகனப்பிரியா.

மெல்லிய குரலாம்! இருக்காதா பின்னே? பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுகிறார்கள், இங்கே யாரும் கத்தக்கூடாது என்று. ஒரு கோழி மிரண்டால் ஷெட்டே மிரளும். கம்பியில் மோதி இறக்கை ஒடியும், மறுநாள் ஓடில்லாத தோல்முட்டையாக விழும். குடியிருப்பும் பண்ணைக்குள்ளேயே, ஷெட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். அதனால் கலைமணிக்கு வீட்டிலும் அதே குரல்தான். பக்கத்து வீட்டுக் குப்பாயி அவளைச் சீண்டுவாள்: "உன்ற சண்டைய விட எங்கூட்டு ரகசியம் சத்தமா இருக்கும் புள்ள." அந்தக் கவிதையைக்கூடத் தீவன குடோனில், மூட்டைகளுக்கு நடுவில் குந்தி, வாய்க்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு பேசி அனுப்பியிருந்தாள்.

கவிதை அவள் புருஷன் பூபதியைப் பற்றியது. வேறு யாரைப் பற்றி எழுதுவது? போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் ராய்ப்பூர் பக்கம் எங்கேயாவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். மழைக்காலத்தில் வண்டி திருச்செங்கோட்டுக்கு சர்வீசுக்கு வரும், கூடவே அவனும் வருவான். வந்தால் மட்டும் என்ன? இவள் ஒன்று சொன்னால் அவன் சிரிப்பான். இன்னொன்று சொன்னால் அதற்கும் சிரிப்பான். மோகனப்பிரியாவின் கவிதைகளை அவள் வாட்ஸப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வரும். போனில் கூப்பிட்டு "எந்த வரி புடிச்சுதுங்க மாமா?" என்று கேட்டால், "எல்லாமே" என்பான். அந்த 'எல்லாமே' அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாமே பிடிக்கிறது என்றால் ஒன்றுமே கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படி ஆத்திரம் வந்த ஒரு நாளில் மனசுக்குள் கட்டிய கவிதை அது.

*பின்னாலிருந்து கூப்பிட்டேன்*
*தட்டைப் பார்த்தபடியே தின்றாய்*
*குக்கர் விசில் விசிலாய்க் கத்தியது*
*அடுப்படியில் நின்றும் நீ அணைக்கவில்லை*
*தகரக் கூரையில் மழை கொட்டியது*
*வாசலுக்கு வந்து கையை நீட்டிப் பார்த்து*
*மழையா என்று கேட்டாய்*
*பாறைக்கு அடியில் தண்ணீர் இருப்பதை*
*ஊருக்கெல்லாம் சொல்கிறவனே*
*நான் இங்கே இருப்பதை*
*உனக்கு யார் வந்து சொல்வது*

முடிந்ததும் மோகனப்பிரியா, "அந்த மழை..." என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். கலைமணிக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். தலைக்கு மேலே தீவனத் தூசு பறக்கிற ஷெட்டில், ஆயிரம் கோழிகளுக்கு நடுவில், தன்னை ஒருத்தி கேட்டுவிட்டாள் என்கிற சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அதை ரிக் குரூப்பில் போட்டாள். வண்டி எந்த ஊரில் நிற்கிறது, ஆட்களெல்லாம் சாப்பிட்டார்களா என்று வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்வதற்காக வைத்திருந்த குரூப் அது. வண்டி ஆட்கள், அவர்கள் சம்சாரங்கள், வண்டி முதலாளி கதிர்வேல் எல்லாரும் இருந்தார்கள். கைதட்டல்களும் பூக்களும் வந்து குவிந்தன. பூபதியும் ஒரு கட்டைவிரல் போட்டான்.

சாயங்காலம் கதிர்வேலே கூப்பிட்டார். முதலாளி போனில் கூப்பிடுவது சாதாரண விஷயமா! முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மிணி, நல்லாப் பேசியிருக்கற. என்ற சம்சாரம் ரெண்டு தடவ கேட்டுது."

"அப்படீங்களாண்ணா?"

"அந்தக் குக்கரு, மழையெல்லாம் நெசமா? இல்ல சும்மா கவிதைக்குச் சொல்றதா?"

கவிதையைப் பற்றி அவளிடம் ஒருவர் கேள்வி கேட்பது அதுவே முதல் தடவை. சும்மா என்று சொல்லிவிட முடியுமா? "அட, அத்தனையும் நெசந்தானுங்கண்ணா. கவிதைல பாதிதான் வந்துருக்குது" என்று ஆரம்பித்தாள். லாரி ஆரன் அடித்தாலும் ஒதுங்காமல் அவன் நடுரோட்டில் நடந்ததைச் சொன்னாள். டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்து, கோழி மிரளும் என்று சூப்பர்வைசர் வந்து சண்டை போட்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பேச்சு தானாக வந்தது, சிரிப்பும் வந்தது. கதிர்வேல் சிரிக்கவில்லை. "செரி அம்மிணி, வெச்சுர்றேன்" என்றார். முதலாளி தன் கவிதையில் உருகிப்போய்விட்டார் என்றே அவள் நினைத்தாள்.

அடுத்த வாரம் காலையில், முட்டை அட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பண்ணை கேட்டில் பூபதி வந்து நின்றான். தோளில் பை, கையில் சுருட்டிக் கட்டிய படுக்கை. மழைக்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. படுக்கையைப் பார்த்ததுமே தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு கேட்டுக்குப் போனாள். லீவுக்கு வருகிறவன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான்.

வீட்டு வாசலில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "என்னுங்க மாமா, என்ன ஆச்சுங்க?" என்றாள். அவன் சிரித்தான். அதே சிரிப்பு. இந்தத் தடவை அவன் பார்வை தன் உதட்டின் மேல் இருப்பதை அவள் கவனித்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பான். ஆசையாகப் பார்க்கிறான் என்று கல்யாணமான புதிதில் குப்பாயியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"வண்டில இருந்து எறக்கி உட்டுட்டாங்க புள்ள" என்றான் பூபதி. "பொறவால ஒரு பையன நிக்க வெச்சு, ஸ்பேனர எடுத்து இரும்புல தட்டச் சொல்லியிருக்கறாரு கதிர்வேலண்ணன். நா திரும்பவே இல்லையாமா."

கலைமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அந்தச் சிரிப்பும் அந்தப் பார்வையும் சேர்ந்தே புரிந்தன.

"காது மெதுமெதுவாப் போயிருச்சு. கம்ப்ரசர் சத்தத்துல நின்னு நின்னு" என்றான், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. "அவரு மேல தப்பில்ல. ராடு மாத்தறப்ப நிறுத்துன்னு பசங்க கத்துனா நா நிறுத்தோணுமல்ல? கேக்காம லிவர அழுத்திப்புட்டா ஒரு உசுரு போயிரும். அண்ணனே அழுதுட்டாரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்லங்க!"

அவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"உங்கிட்டச் சொன்னா நீ கத்திப் பேசுவ. அக்கம்பக்கம் தெரிஞ்சுரும். அப்பறம் எந்த ரிக்குல ஏத்துவாங்க?"

நாசமாய்ப் போன வாய், என்று கலைமணி தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். மழையைப் பார்த்தாள், குக்கரைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள். வரிவரியாகக் கட்டி ஊருக்கே சொன்னாள். நாமக்கல்லிலும் சேலத்திலும் அதைக் கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கவிதையே தெரியாத கதிர்வேலுக்குப் புரிந்தது, பக்கத்தில் படுத்தவளுக்குப் புரியவில்லையே! அக்கறை இல்லாதவன் என்று நினைத்து எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள். அவள் திருப்பிக்கொண்ட பிறகு அவனுக்கு உதடும் தெரிந்திருக்காது.

"குரூப்புல நீ என்னமோ பேசி உட்டயாமா" என்றான் பூபதி. "அதுக்கப்பறந்தான் அண்ணனுக்குச் சந்தேகம் வந்துருக்குது. பசங்க அத்தன பேரும் அதக் கேட்டுட்டு என்ற மூஞ்சியவே பாத்தானுங்க. நல்லாப் பேசியிருக்குது அக்கான்னு சொன்னானுங்க. நானும் போட்டுப் பாத்தேன். உன்ற குரலுன்னு தெரிஞ்சுது. என்ன சொல்றீன்னுதான் புடிபடல."

"வேண்டாமுங்க" என்று கையை ஆட்டினாள்.

"சொல்லு புள்ள. ஊரே கேட்டுருச்சு, நா மட்டும் கேக்கல."

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பாள். அவன் ஆசையாகக் கேட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சமாவது கேட்கிற இடது காதை அவள் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்தான். கவிதையை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். வேறு எந்த வரியும் வாயில் வரவில்லை. அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து முதல் வரியைச் சொன்னாள்.

"இன்னுஞ் சத்தமா" என்றான்.

மறுபடியும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான், கேட்கவில்லை என்று.

கலைமணி கத்தினாள். இத்தனை வருஷமாக அவள் தொண்டையில் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. ஷெட்டில் முதல் வரிசைக் கோழிகள் விறைத்துக்கொண்டு நின்றன. குக்கர் வரிக்குப் பூபதி, "அட, அன்னிக்குச் சோறு அடி புடிச்சுதே, அதா?" என்று சிரித்தான். மழை வரிக்கு அவன் சிரிப்பு நின்றது. "கை நனையவுந்தான் மழைன்னு தெரிஞ்சுது" என்றான் மெதுவாக.

அதற்குள் ஷெட்டே மிரண்டுவிட்டது. ஒரு முனையில் தொடங்கிய இறக்கைச் சத்தம் மறு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கூண்டுக் கம்பிகள் அதிர்ந்தன, தூசு கிளம்பியது. குப்பாயி முட்டை அட்டையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். சூப்பர்வைசர் நந்தகுமார், சத்தம் போடக்கூடாது என்கிற சட்டத்தை அவரே மறந்து, கலைமணியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார். கலைமணி பாறைக்கு அடியில் இருந்த தண்ணீர் வரி வரைக்கும் கத்திவிட்டு நின்றுவிட்டாள். மேலே போக அவளால் முடியவில்லை.

பூபதிக்கு அந்தக் கூச்சல் எதுவும் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டு, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பறம் புள்ள?" என்றான்.