பத்திரிகையில் இறந்த அப்பா

கீத் பெம்பர்டனின் அப்பா பல் டாக்டர். வட இங்கிலாந்தில் பிஷப் ஆக்லண்ட் என்ற ஊரில் சந்தைக்கு எதிரே அவருடைய மருத்துவமனை. நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர் அவர்கள் குடும்பத்தில் ஒருவரும் கிடையாது. ஆனால் அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் சுரங்கத் தொழிலாளிகள். பள்ளி விட்டு வந்ததும் உள்ளறையில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே கீத் வளர்ந்தான். பின்னாளில் அவன் எழுதிப் பாடிய பாட்டுகள் அங்கிருந்துதான் வந்தன. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கீத்தின் தட்டை வெளியிட்ட, நியூகாசிலில் இருந்த ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பத்திரிகைகளோடு பேசுவது என் வேலை. லண்டன் வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் போனில், "அவனோட அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். பல் டாக்டர் என்றால் கால் பக்கம்கூடத் தேறாது.

"சுரங்கத்துல இருந்தார்" என்றேன்.

"இருந்தாரா? இப்ப இல்லையா?"

"கூரை சரிஞ்சதுல போயிட்டார். கீத்துக்கு அப்ப எட்டு வயசு."

கீத்திடம் சொன்னேன். சிரித்தான். "ஆளையே முடிச்சிட்டியா மொய்ரா? சரி விடு, எங்கப்பா அந்தப் பேப்பரெல்லாம் தொடமாட்டார்."

பெயரையும் கீத் டாசன் என்று மாற்றினோம். இரண்டு பக்கம் போட்டார்கள். தட்டு நன்றாக விற்றது.

எண்பத்து நான்கில் சுரங்க வேலைநிறுத்தம் வந்தது. பிஷப் ஆக்லண்டுக்குப் பக்கத்து ஊர்த் தொழிலாளர் மன்றத்தில் பாட கீத்தைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். கீத்தின் மூக்கு அப்படியே அவரிடம் இருந்தது.

"அட, பெம்பர்டன் டாக்டரா? எங்க இந்தப் பக்கம்?" என்று பின்னால் வந்த பில்லி என்ற தொழிலாளி கேட்டார். "எங்க பல்லுக்கே இப்ப வேலை இல்ல, உங்களுக்கு எங்க இருக்கப் போவுது?"

"இந்தப் பையன் நல்லா பாடுறான்னு சொன்னாங்க பில்லி. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பாதிக் கச்சேரியில் யாரோ, "தம்பி, உங்கப்பா பாட்டப் பாடுப்பா" என்று குரல் கொடுத்தார்கள். சுரங்கத்தில் செத்த ஒருவரைப் பற்றிய பாட்டு அது; அவன் அப்பாவைப் பற்றியது என்றே எல்லோரும் நம்பினார்கள். அப்போதுதான் கீத் டாக்டரைப் பார்த்தான். கிதாரின் தந்திகளை வெகுநேரம் முறுக்கிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். பாடினான். செத்தவருக்கு மரியாதையாகக் கூடமே எழுந்து நின்றது. டாக்டரும் நின்றார்.

வெளியே போகும்போது என்னிடம் வந்தார். "பத்திரிகைக்கெல்லாம் சொல்றது நீங்கதானே? எட்டு வயசுலன்னு போட்டிருந்தீங்க. அந்த வருஷம்தான் அவனுக்கு நீச்சல் கத்துக்குடுத்தேன்."

குரலில் கோபமே இல்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். கீத் ஓடி வருவதற்குள் பஸ் போய்விட்டது.

அடுத்த ஆண்டு ஒரு நாளிதழ் எல்லாவற்றையும் வெளியிட்டது. வீட்டு வாசலுக்கு வந்த நிருபர்களிடம் டாக்டர், "கீத் என் மகன். மத்தத அவன்கிட்ட கேளுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாராம். கீத்தை ஒருவரும் பாட அழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க அவன் அந்த மன்றத்துக்குப் போனபோது நானும் போனேன். பில்லி அவனை உட்காரச் சொன்னார்.

"பாட்டுல ஒரு வார்த்தை தப்பில்லடா. நீ பல் டாக்டர் மகனா இருந்தா எங்களுக்கென்ன வந்துச்சு? அந்த மனுசன எதுக்குடா சாகடிச்ச?"

கீத் என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்புதான்" என்றான். அன்றும் சரி, பிறகும் சரி, அந்தப் பொய்யைச் சொன்னது நான் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பெற்றோர் வீட்டுக்குப் போய் அப்பாவோடு சாப்பிட்டுவந்தான். அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே இல்லையாம். ஆறு வருடம் கழித்து டாக்டர் இறந்தார். தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவன் அம்மா எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பொய் என்னுடையது என்பதை இன்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வரிசையில் நின்றேன்.

"நீ கீத்தோட சிநேகிதியாம்மா? ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். தேநீரைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போனேன்.